எண்ணெய்த் துளியில் தெரிந்த கோடுகள்

மசாலா அரைக்கும்போது சேர்க்கும் கல்பாசியை நம்மில் பலர் அறிவோம். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும் அது, பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன் என்னும் உயிரினம். இதே பெயரில் ஒரு தோல் நோயும் உண்டு. அதுவே லைக்கன் பிளானஸ். லத்தீன் மொழியில் பிளானஸ் என்றால் தட்டை. பெயர் தோற்றத்தைக் கொண்டு வந்தது. கல்பாசிக்கும் நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இது தொற்றுநோயும் அன்று. நோயாளியின் துண்டைத் தனியே வைப்பவர்கள் இதை முதலில் அறிதல் நலம்.

மணிக்கட்டின் உட்புறம், கணுக்கால், சில வேளை வாயின் உட்பகுதி ஆகிய இடங்களில் இது தோன்றும். தோலில் தட்டையான, பளபளப்பான, ஊதா நிறப் புடைப்புகள் எழும். கடும் அரிப்பும் இருக்கும். நம் மாநிறத் தோலில் ஊதாவைவிடக் கருமையே தூக்கலாகத் தெரியும்.

இந்நோய்க்கு இப்பெயரிட்டு 1869-இல் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன். எகிப்திலிருந்து கிளியோபாட்ராவின் ஊசி எனப்படும் கல்தூணை லண்டனுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 10,000 பவுனைத் தம் கையிலிருந்து கொடுத்தவரும் இவரே! ஆனால் புடைப்புகளின் மேல் ஓடும் மெல்லிய வெண்கோடுகளை 1895-இல் விவரித்தவர் பாரிஸ் நகரத்து லூயி விக்கம். ரேடியத்தைத் தோல் நோய்களுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

இக்கோடுகள் வெறுங்கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பளிச்சென்று தெரியும். இது ஏன்? வடை மடித்த காகிதத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்து எழுத்து தெரிகிறதல்லவா? காற்றின் ஒளிவிலகல் எண் 1; தோலின் மேலடுக்குக்கு அது ஏறத்தாழ 1.5. இந்த வேறுபாட்டால் சொரசொரப்பான மேற்பரப்பில் ஒளி நாலா பக்கமும் சிதறி, உள்ளே இருப்பதை மறைக்கிறது. எண்ணெயின் எண் சுமார் 1.47. அது இடுக்குகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே சென்று திரும்புகிறது. கோடு உள்ள இடத்தில் தோலின் சிறுமணி அடுக்கு தடித்திருப்பதை 1909-இல் டேரியர் என்ற பிரெஞ்சு அறிஞர் காட்டினார்.

நோயைக் காண்பது எளிதாயிற்று, தீர்ப்பது ஆகவில்லை. 1786-இல் ஃபௌலர் என்பவர் பரப்பிய ஆர்செனிக் கரைசலை 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இந்நோய்க்கும் கொடுத்தனர். பலருக்கு நோய் தீர்ந்தது போலவே தோன்றியது. ஆனால் தோலில் வரும் லைக்கன் பிளானஸ் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே அடங்கிவிடும் இயல்புடையது. மருந்து உண்ணாத நோயாளிகளோடு ஒப்பிடாமல், அடங்கியது எதனால் என்று எப்படிச் சொல்வது? பரிசோதனைக்கூடத்தில் ஒப்பீட்டுச் சோதனை இல்லாத முடிவை என் மாணவர் எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. இங்கோ விலை மதிப்பெண் அன்று. நீண்ட நாள் ஆர்செனிக் உண்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் வருவதை 1880-களில் ஜொனாதன் ஹட்சின்சன் எடுத்துக் காட்டினார்.

மாற்றம் 1950-களில் வந்தது. கார்ட்டிசோன் ஆய்வுக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952-இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின் மேல் தடவிப் பயன் கண்டனர். அது ஏன் பயன்படுகிறது என்பது பின்னரே விளங்கியது. டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் மேல்தோலின் அடியடுக்கு அணுக்களைத் தவறாகத் தாக்குவதால் எழும் அழற்சியே இந்நோய். ஸ்டீராய்டு அந்த அழற்சியை அடக்குகிறது. தாக்குதலைத் தூண்டுவது எது என்பது இன்னும் முழுமையாகத் தெரியவில்லை. இன்று ஸ்டீராய்டு களிம்புடன் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையும் உண்டு. வாயில் வருவது மட்டும் பிடிவாதமானது. நூற்றில் ஒருவருக்கு அது நாளடைவில் புற்றாக மாறக்கூடும் என்பதால், பல் மருத்துவரிடம் அவ்வப்போது காட்டி வரவேண்டும்.

அரிப்பு நின்ற பின்னும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். சிதைந்த அணுக்களின் மெலனின் நிறமி தோலின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடுவதே காரணம். ஆழத்தில் கிடக்கும் நிறமி சாம்பல் நீலமாகத் தோன்றும். நீல ஒளி வழியிலேயே சிதறித் திரும்பிவிடுவதால் ஏற்படும் தோற்றம் அது. நோய் போகவில்லை என்று எண்ணிப் பலர் கடையில் கேட்டு வாங்கி ஸ்டீராய்டு களிம்பையே மேன்மேலும் தடவுகின்றனர். அதனால் தோல் மெலியுமே தவிர, அடியில் இறங்கிய நிறமி அகலாது. அதை அங்குள்ள விழுங்கணுக்கள் மெல்ல மெல்லத்தான் அகற்றும்.