பூட்டுக்கு வெளியே ஒரு வாசல்

எனது மடிக்கணினியை இயக்கியதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் தோன்றும். ஒன்று லினக்ஸ், மற்றையது விண்டோஸ். ஐந்து விநாடிகளுக்குள் நான் எதனையும் தெரிவு செய்யாவிடின் லினக்ஸ் தானாகவே எழுந்து கடவுச்சொற்றொடரைக் கேட்கும். ஒரே கணினியில் இரண்டு குடித்தனம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எங்கள் பத்திரிகைப் பக்கங்கள் நெடுங்காலமாகப் பேஜ்மேக்கர் மென்பொருளிலும் பாமினி எழுத்துருவிலுமே உருவாகின. அந்தப் பழைய கோப்புகளைத் திறக்க விண்டோஸ் வேண்டும். எனக்குத் தகவல் தந்தவர்களின் பெயர்களும் குறிப்புகளுமோ பூட்டப்பட்ட லினக்ஸ் பகுதியில் உள்ளன. அவை பிறர் கையிற் சிக்கினால் துன்பம் எனக்கல்ல, என்னை நம்பிப் பேசியவர்களுக்கே.

இந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஒரு சிறு வரலாறு உண்டு. 1983 இல் ஐபிஎம் கணினிகளுக்கென வெளிவந்த டொஸ் 2.0 பதிப்போடு, வன்தட்டின் முதற் கூறான 512 பைற்றுகளுக்கு ஒரு நிலையான அமைப்பு ஏற்பட்டது. இறுதி 2 பைற்றுகள் அடையாளத்துக்கும், அதற்கு முந்திய 64 பைற்றுகள் வன்தட்டின் பாகங்களைக் குறிக்கும் அட்டவணைக்கும் ஒதுக்கப்பட்டன. கணினியை எழுப்பும் நிரலுக்கு எஞ்சியவை 446 பைற்றுகளே. ஒரு சிறு பெட்டிச் செய்திக்குக்கூட அந்த இடம் போதாது!

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட பின்னர், வேர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லீலோ என்ற நிரல் அந்தச் சிற்றிடத்திலிருந்து வேலையைத் தொடங்கியது. அதற்குக் கோப்பு முறைமைகள் எவையும் தெரியாது. லினக்ஸின் கருநிரல் வன்தட்டின் எந்த இடத்தில் உள்ளது என்பதை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். கருநிரலை மாற்றிவிட்டு லீலோவை மீள இயக்க மறந்தால் அடுத்த முறை கணினி எழாது. தன் பெயரின் நான்கு எழுத்துக்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் இட்டுக்கொண்டு எழுவது அதன் வழக்கம். பாதிப் பெயரோடு அது நின்றுவிட்ட இரவுகளில் நானும் திரைமுன் விழித்திருந்ததுண்டு.

1995 இல் எரிக் போலின் என்பவர் குனு ஹேர்ட் இயங்குதளத்தை எழுப்புவதற்காக கிரப் என்ற நிரலை எழுதினார். பௌதிகவியலின் மாபெரும் ஒருங்கிணைப்புக் கோட்பாட்டின் பெயரைக் கேலியாகத் தழுவியது அதன் பெயர். கோர்டன் மட்சிக்கைற், யோஷினோரி ஒகுஜி ஆகியோரின் முயற்சியால் 1999 இல் அது குனு திட்டத்தின் பொதியாயிற்று. கோப்புகளைத் தானே தேடி வாசிக்கும் ஆற்றலே அதன் தனிச்சிறப்பு. ஆகவே பட்டியல் சாதாரண எழுத்துக் கோப்பாக மாறியது. எந்த வரி முதலில் வரவேண்டும், எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், பின்னணிப் படம் எது என்பதையெல்லாம் உரியவரே திருத்திக்கொள்ள முடிந்தது.

பூட்டின் கதை வேறொரு வழியாக வந்தது. 1990 களில் அமெரிக்கா மறைகுறியாக்க மென்பொருட்களைப் போர்த்தளபாடப் பட்டியலில் வைத்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதனால் லினக்ஸுக்கான மறைகுறியாக்கம் சில காலம் தனி ஒட்டாகவே உலவியது. கட்டுப்பாடு தளர்ந்த பின்னர், கிளெமென்ஸ் புருவிர்த் 2004 அளவில் லக்ஸ் என்ற அமைப்பை வகுத்தார். அதில் அப்போது ஒரே வன்தட்டுக்கு எட்டுத் திறப்புகள் வரை வைக்க முடிந்தது. 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0, நிறுவும்போதே வன்தட்டைப் பூட்டும் வசதியைத் தந்தது. அதே காலத்தில் விண்டோஸ் விஸ்டாவோடு பிட்லொக்கர் வந்தது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது. கோப்புகளை வாசிப்பதே கிரப்பின் பலம்; பூட்டிய வன்தட்டிலோ வாசிக்க எதுவுமில்லை. ஆகவே கருநிரல் இருக்கும் சிறு பகுதி பூட்டுக்கு வெளியே விடப்பட்டது. 2012 இல் வந்த கிரப் 2.00 லக்ஸைத் திறக்கக் கற்றுக்கொண்டபோதிலும், கிரப் வெளியே நிற்கத்தானே வேண்டும்? 2009 இல் போலந்து ஆய்வாளர் ஜோனா ருட்கோவ்ஸ்கா இந்தப் பலவீனத்தைச் செயலிற் காட்டினார். விடுதி அறையில் மடிக்கணினியை விட்டுச் சென்றால், அறைக்குள் வரும் ஒருவர் வெளியே உள்ள நிரலை மாற்றி, உரியவர் பின்னர் தட்டும் கடவுச்சொல்லைக் களவாடலாம். பயணம் செய்யும் செய்தியாளருக்கு இது வெறும் கற்பனையல்ல.

2012 இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான எழுச்சி முறை, கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே எழ அனுமதித்து இந்த வாசலுக்குக் காவல் போட்டது. ஆனால் காவலாளியே வீட்டுக்காரரை மறிக்கவும் கூடும். 2024 ஆகஸ்டில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட இற்றைப்படுத்தலுக்குப் பின்னர், இரண்டு இயங்குதளங்கள் இருந்த கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழ மறுத்தது.

எனது இழப்பு அத்தகையதல்ல. அது முற்றிலும் என் தவறு. 2009 இல் சில மாதங்கள் நோயுற்றிருந்து மீண்டபோது, பழைய மடிக்கணினியின் சொற்றொடர் நினைவிலிருந்து நழுவியிருந்தது. எட்டுத் திறப்புகளில் ஒன்றைத்தான் பயன்படுத்தியிருந்தேன். ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்கள் நால்வருடன் நான் நடத்திய உரையாடல்கள் அதற்குள் இருந்தன. ஈய எழுத்துக் காலத்தைப் பற்றி அவர்கள் சொன்னதை வேறெங்கும் நான் எழுதி வைக்கவில்லை. அவர்களில் இருவர் அதற்குள் காலமாகியிருந்தனர்.

அந்த வன்தட்டு இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. இப்போதைய கணினியில் இரண்டாவது திறப்பும் உண்டு. அதன் சொற்றொடரைத் தாளில் எழுதி, பிட்லொக்கர் கேட்கக்கூடிய 48 இலக்க மீட்புத் திறப்போடு கடித உறையிலிட்டு ஒட்டி, என் மூத்த மகளிடம் கொடுத்திருக்கிறேன்.