ஆகாயவழி வாடிக்கை



வாணிகம் தோன்றிய நாள்தொட்டு வாடிக்கை என்பதும் இருந்து வருகின்றது. நாள்தோறும் தம் கடைக்கே வருபவருக்கு, நிறுவைக்கு மேல் ஒரு பிடி அரிசி கூட்டிப் போடுவது வணிகர் கண்ட பழைய முறை. அந்தப் பிடி அரிசி அப்பொழுதே பைக்குள் விழுந்துவிடும். மறுநாள் வணிகரின் மனம் மாறினாலும் அதனை அவர் திருப்பிக் கேட்க இயலாது. ஆனால், "அந்தப் பிடியை உமது பெயரில் எழுதி வைத்திருக்கின்றேன், நூறு பிடி சேர்ந்த பின்னர் வந்து பெற்றுக்கொள்ளும்" என்று வணிகர் கூறுவாராயின், நிலைமை வேறாகின்றது. கணக்கேடும் அவர் கையில். பிடியின் அளவும் அவர் கையில். விமானக் கம்பனிகள் தம்மிடம் அடிக்கடி பிரயாணஞ் செய்வோருக்கு வழங்கும் 'மைல்' என்னும் வெகுமதி இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் ஆண்டுதோறும் உறவினரைக் காணச் சென்று வருவோர் நம்மிடையே பலராகிவிட்டனர். எக்கம்பனியின் வாடிக்கைத் திட்டத்திற் சேர்வது நன்று என்னும் வினா பல குடும்பங்களில் எழுகின்றது. விடை தேடுவோர், இத்திட்டங்கள் பிறந்து வளர்ந்த வரலாற்றை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

மனிதன் விமானத்திற் பறப்பதற்கு முன்னரே இதன் வித்து ஊன்றப்பட்டது. 1896ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஸ்பெரி, ஹச்சின்சன் என்னும் இருவர் ஒரு கம்பனியைத் தொடங்கினர். அது பச்சை நிறமான சிறு முத்திரைகளை அச்சிட்டுக் கடைக்காரருக்கு விற்றது. கடைக்காரர் அவற்றைத் தம்மிடம் பொருள் வாங்கியோருக்கு, வாங்கிய தொகைக்கேற்பக் கொடுத்தனர். வீட்டுப் பெண்கள் அம்முத்திரைகளைப் புத்தகங்களில் ஒட்டிச் சேர்த்து, போதிய புத்தகங்கள் நிறைந்ததும் மாற்று நிலையங்களிற் கொடுத்துப் பாத்திரமோ விளக்கோ பெற்றனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. முத்திரைக் கம்பனிக்குப் பணங்கொடுத்தவர் கடைக்காரர். முத்திரையைச் சேர்த்தவரோ வேறொருவர். சேர்த்தவர் அதனை மாற்றாமல் வீட்டிலேயே வைத்து மறந்துவிட்டால், அவ்வளவும் கம்பனிக்கு ஆதாயம். இந்த நுட்பம் பின்னர் வானூர்தி வாணிகத்தில் எவ்வாறு புகுந்தது என்பதைக் காண்போம்.

அமெரிக்காவில் விமானக் கம்பனிகள் நெடுங்காலம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1938ஆம் ஆண்டின் சட்டத்தின்வழித் தோன்றிய சிவில் வான்போக்குவரத்துச் சபையே, எக்கம்பனி எவ்வழியிற் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் பெறலாம் என்பவற்றைத் தீர்மானித்து வந்தது. கட்டணத்திற் போட்டியிட வழியில்லாமையால், கம்பனிகள் உணவிலும் இருக்கையிலும் உபசாரத்திலும் போட்டியிட்டன. 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி சனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அக்கட்டுப்பாட்டை நீக்கியது. கட்டணங்களும் வழிகளும் படிப்படியாகக் கம்பனிகளின் விருப்புக்கே விடப்பட்டன. புதிய கம்பனிகள் தோன்றிக் குறைந்த விலைக்குச் சீட்டு விற்றன. பிரயாணிகளோ எங்கே மலிவோ அங்கே சென்றனர். பழைய பெருங்கம்பனிகளுக்கு, வந்தவரை மீண்டும் வரச் செய்வது எவ்வாறு என்னுங் கவலை உண்டாயிற்று.

அக்கவலைக்கு மருந்து கணினியிற் கிடைத்தது. 1953ஆம் ஆண்டில், அமெரிக்கன் எயர்லைன்ஸ் கம்பனியின் தலைவராகிய சி. ஆர். ஸ்மித்தும், ஐ.பீ.எம். கம்பனியின் அலுவலராகிய பிளேயர் ஸ்மித்தும் ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்து பிரயாணஞ் செய்தனர். ஒரே பெயருடைய அவ்விருவரும் தொடங்கிய உரையாடலே, 'சேபர்' என்னும் ஆசனப் பதிவுக் கணினி முறைக்கு வழிவகுத்தது. அது 1964ஆம் ஆண்டளவில் முழுமையாக இயங்கலாயிற்று. எவர் எங்கே சென்றார் என்னுங் கணக்கு முதன்முறையாக ஓரிடத்திற் சேர்ந்தது. கட்டுப்பாடு நீங்கியபின், அக்கம்பனியார் அந்தப் பதிவேட்டில் மீண்டும் மீண்டும் வந்த தொலைபேசி இலக்கங்களைத் தேடி, அடிக்கடி பறப்போர் இன்னார் என அறிந்துகொண்டனர். 1981ஆம் ஆண்டு மே 1ஆந் திகதி, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட அத்தகையோரை முதல் உறுப்பினராகக் கொண்டு 'ஏ-அட்வாண்டேஜ்' என்னுந் திட்டம் தொடங்கியது. பறந்த மைலைக் கணக்கிட்டு, அது குறித்த அளவு சேர்ந்ததும் இலவசச் சீட்டு வழங்குவது அதன் முறை. சில நாட்களுள் யுனைற்றெட் எயர்லைன்ஸ் தன் திட்டத்தை அறிவித்தது, டெல்ராவும் டீ.டபிள்யூ.ஏ.யும் அதே ஆண்டிற் பின்தொடர்ந்தன.

கம்பனிகள் இதனை விரும்பியமைக்குக் காரணம் எளிது. விமானம் புறப்பட்ட கணத்தில், விற்காத ஆசனம் பயனற்றுப் போகின்றது. காலியாகப் போகும் ஆசனத்தை வாடிக்கைக்காரருக்கு வழங்குவதில் கம்பனிக்கு ஏற்படும் செலவு மிகச் சிறிது. பெறுபவருக்கோ அது பெரும் பரிசாகத் தோன்றுகின்றது. மேலும், அலுவலகப் பணத்திற் பிரயாணஞ் செய்பவர் மைலைத் தம் சொந்தக் கணக்கில் வரவு வைக்கின்றார். சீட்டுக்குப் பணங்கொடுப்பவர் முதலாளி; வெகுமதி பெறுபவர் ஊழியர். ஆகவே, விலை சிறிது கூடினாலும் தம் கம்பனியை அவர் கைவிடமாட்டார்.

1987ஆம் ஆண்டில் சிற்றிபாங்க் வங்கியும் அமெரிக்கன் எயர்லைன்சும் இணைந்து ஒரு கடனட்டையை வெளியிட்டன. அட்டையாற் பொருள் வாங்கினாலும் மைல் சேரும். அந்த மைலை விமானக் கம்பனியிடமிருந்து வங்கி விலைக்கு வாங்கியது. பச்சை முத்திரையின் கதை இங்கே மீண்டும் நிகழ்வதைக் காணலாம். அதுவரை தன் ஆசனத்தைப் பரிசாகக் கொடுத்த கம்பனி, அன்றுமுதல் முத்திரை அச்சிட்டு விற்கும் கம்பனியுமாயிற்று. பறக்காமலே மைல் சேர்ப்போர் பெருகினர். 1999ஆம் ஆண்டில் ஓர் உணவுக் கம்பனி தன் பண்டங்களுடன் மைல் வழங்கியபோது, கலிபோர்ணியாவைச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் ஏறக்குறைய 3,000 டொலருக்குப் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட புடிங் கிண்ணங்களை வாங்கிப் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மைல்களைத் தம் கணக்கிற் சேர்த்தார். புடிங்கைத் தருமநிலையத்துக்குக் கொடுத்துவிட்டு மைலைத் தாம் வைத்துக்கொண்டார் என்பது அக்கதையின் சுவை.

மைல்கள் பெருகப் பெருக, ஆசனங்கள் அவ்வளவாகப் பெருகவில்லை. ஆகவே விதிகள் மாறத் தொடங்கின. 1988ஆம் ஆண்டில் அமெரிக்கன் எயர்லைன்ஸ், இலவச ஆசனங்களின் தொகைக்கு வரம்பிட்டு, அவற்றைப் பயன்படுத்தலாகாத நாட்களையும் வகுத்தது. முன்னரே சேர்த்த மைல்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும் என்றமையே பிணக்குக்கு இடமாயிற்று. உறுப்பினர் சிலர் இலினோய் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தனர். 1995ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டம், விமானக் கம்பனிகளின் கட்டணம், வழி, சேவை ஆகியவற்றில் மாநிலங்கள் தலையிடுவதைத் தடுத்திருந்தது. ஆதலால், மாநிலத்தின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் கம்பனி தானே கொடுத்த வாக்கை மீறியது என்னும் ஒப்பந்த வழக்கைத் தொடரலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2014ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கு வந்தது. நோர்த்வெஸ்ட் எயர்லைன்ஸ் திட்டத்தில் உயர்நிலை உறுப்பினராக இருந்த யூத மதகுரு ஒருவரை, அளவுக்கு மிஞ்சி முறைப்பாடு செய்கின்றார் என்று கூறி, 2008ஆம் ஆண்டில் அக்கம்பனி நீக்கியிருந்தது. கம்பனி நன்னம்பிக்கையோடு நடந்துகொள்ளவில்லை என்பது அவர் வாதம். நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாக அவ்வாதத்தை ஏற்க மறுத்தனர். நற்பெயரில்லாத கம்பனியை விலக்கி, வேறொன்றின் திட்டத்திற் சேர்ந்து பிரயாணி தம்மைக் காத்துக்கொள்ளலாம் என்றும் அத்தீர்ப்பு சுட்டியது. அதாவது, பிரயாணிக்குச் சட்டம் தரும் துணை சிறிது. அவருடைய தேர்வே அவருக்குப் பெருங்காவல். இத்தேர்வு ஏன் கருத்தோடு செய்யப்பட வேண்டியது என்பது இதனால் விளங்கும்.

இனி, நெடுந்தூரப் பிரயாணிகளுக்குப் பெரிதும் உதவிய ஒரு மாற்றத்தைக் கூறுவோம். 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் யுனைற்றெட், லுப்தான்சா, எயர் கனடா, ஸ்கண்டிநேவிய எயர்லைன்ஸ், தாய் எயர்வேஸ் ஆகிய ஐந்தும் 'ஸ்டார் அலையன்ஸ்' என்னுங் கூட்டணியை அமைத்தன. 1999ஆம் ஆண்டில் 'வன்வேர்ள்ட்' கூட்டணியும், 2000ஆம் ஆண்டில் 'ஸ்கைரீம்' கூட்டணியும் தோன்றின. ஒரு கம்பனியிற் சேர்த்த மைலைக் கூட்டணியின் மற்றொரு கம்பனியிற் செலவிடவும், ஓரிடத்திற் பெற்ற உயர்நிலைக்குப் பிறிதோரிடத்திலும் மதிப்புப் பெறவும் வழி பிறந்தது. நம் நாட்டின் சிறீலங்கன் எயர்லைன்ஸ் 2014ஆம் ஆண்டு மே 1ஆந் திகதி வன்வேர்ள்ட் கூட்டணியிற் சேர்ந்தது. ஆகவே கொழும்பிலிருந்து அதில் இலண்டன் செல்பவர், அதன் சொந்தத் திட்டத்திலன்றி, பிரித்தானிய எயர்வேஸ், கட்டார் எயர்வேஸ் போன்ற கூட்டணிக் கம்பனிகளின் திட்டத்திலும் தம் மைலை வரவு வைக்கலாம். எமிரேற்ஸ் இம்மூன்று கூட்டணிகளிலும் சேராதது.

அடுத்த மாற்றம் மைல் என்னும் பெயரின் பொருளையே மாற்றியது. 2015ஆம் ஆண்டில் டெல்ராவும் யுனைற்றெட்டும், 2016ஆம் ஆண்டில் அமெரிக்கனும், பறந்த தூரத்தை விடுத்துச் செலுத்திய பணத்தைக் கணக்கிடலாயின. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆந் திகதி முதல் பிரித்தானிய எயர்வேஸ் உயர்நிலையை வழங்குவதும் செலவிட்ட தொகையைக் கொண்டேயாம். மலிவுச் சீட்டில் நெடுந்தூரம் பறக்கும் குடும்பத்தாருக்கு இதனால் இழப்பு. விலைமிக்க சீட்டிற் குறுந்தூரம் பறக்கும் வணிகருக்கு ஆதாயம்.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் விமானங்கள் நிலத்தில் நின்றபோது, இத்திட்டங்களின் உண்மை மதிப்பு வெளிப்பட்டது. யுனைற்றெட் எயர்லைன்ஸ் தன் வாடிக்கைத் திட்டத்தை ஈடுவைத்துக் கடன்பெற முன்வந்து, அதன் மதிப்பு ஏறக்குறைய 22 பில்லியன் டொலர் என அறிவித்தது. பங்குச்சந்தையில் அப்போது முழுக் கம்பனிக்குமே இருந்த மதிப்பிலும் அது பெரிது! மைல் வாணிகத்தின் வருவாயிற் பெரும்பகுதி வங்கி முதலிய பிறர் கொடுப்பது. எனவே, மைல் விற்கும் கடையில் முதன்மையான வாடிக்கைக்காரர் இன்று வங்கியேயன்றிப் பிரயாணி அல்லர் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

கம்பனி வீழ்ந்தால் மைல் என்னாகும்? அவுஸ்திரேலியாவின் அன்செற் கம்பனி 2001ஆம் ஆண்டில் வீழ்ந்தபோது, உறுப்பினர் சேர்த்திருந்தவை பயனற்றுப் போயின. 2017ஆம் ஆண்டில் எயர் பேர்லின் நொடித்தபோது, அதன் திட்டமும் நொடித்தது. இந்தியாவின் ஜெற் எயர்வேஸ் 2019ஆம் ஆண்டில் பறப்பதை நிறுத்தியபோதோ, அதன் திட்டம் தனிக் கம்பனியாக இருந்தமையால் வேறு பெயரில் உயிர்தப்பியது.

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் அறிவுரை யாது? முதலாவது, திட்டத்துக்காக வழியைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. நாம் செல்லும் வழிக்கேற்பத் திட்டத்தைத் தேர்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலண்டன் செல்பவரும், கனடாவுக்கு இடைத்தங்கிச் செல்பவரும் ஒரே திட்டத்தாற் பயனடைவர் என்பதில்லை. இரண்டாவது, நாம் வாங்குஞ் சீட்டின் வகுப்புக்கு அத்திட்டம் எவ்வளவு வரவு வைக்கின்றது என்பதைச் சேருமுன் பார்த்தல் வேண்டும். மலிவுச் சீட்டுகளுக்கு மிகச் சிறிதளவே வைப்பன உண்டு. மூன்றாவது, காலவரையறையை அறிதல் வேண்டும். சிங்கப்பூர் எயர்லைன்சின் மைல்கள் மூன்று ஆண்டுகளிற் காலாவதியாகும். டெல்ராவின் மைல்களுக்குக் காலவரையறை இல்லை. ஆயினும் அக்கம்பனி இலவசச் சீட்டுக்கான விலைப்பட்டியலை 2015ஆம் ஆண்டில் நீக்கிவிட்டமையால், அவற்றின் பெறுமதி என்றும் ஒரே நிலையில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நான்காவது, இலவசச் சீட்டு எனினும் வரியும் மேலதிகக் கட்டணமும் செலுத்த வேண்டியிருக்கும். அத்தொகை எவ்வளவு என்று முன்னரே கேட்டறிதல் நன்று. ஐந்தாவது, சேர்த்ததைச் சேமிப்பாகக் கருதலாகாது. வங்கியில் இட்ட பணத்துக்கு வட்டி உண்டு. மைலுக்கு வட்டி இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறையே, அதுவும் வெவ்வேறு கம்பனிகளிற் பறப்பவர், மலிவான சீட்டை வாங்கி மிச்சம்பிடித்த பணத்தைக் கையில் வைத்திருப்பதே நன்று. ஒரே வழியில் அடிக்கடி பறப்பவர், அவ்வழியில் ஓடும் கம்பனியின் கூட்டணியில் ஒரு திட்டத்தையே பற்றி நின்று, மைல் ஒரு பிரயாணத்துக்குப் போதியதானதும் தாமதியாது செலவிடல் வேண்டும். வீட்டிலுள்ள முதிய தாய்தந்தையரைப் பேரப்பிள்ளைகளிடம் ஒருமுறை அழைத்துச் செல்ல அது உதவுமாயின், விதி மாறுமுன்னரே அழைத்துச் செல்லுங்கள்.