சார்ந்திருப்பவர் யார்? பிள்ளை விசாவின் ஒரு நூற்றாண்டு

ஜவ்வாது மலையடிவாரத்தில், போளூரிலிருந்து கண்ணமங்கலம் போகிற சாலையில் இருக்கிறது சந்தவாசல். இங்கே நான் மனு எழுதித் தருகிறவன். தொழில் அல்ல, கேட்டால் எழுதித் தருவான் என்று பெயராகிவிட்டது. சென்ற ஆண்டு பக்கத்துத் தெரு ஆயா ஒருவர் ஒன்பது வயதுப் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "எம்மவன் துபாய்ல கீறான். கொழந்தைய அங்க இட்டுக்கறேங்கறான். இன்னா இன்னா காயிதம் வேணும்னு பாத்து எழுதிக் குடு தம்பி" என்றார். பெண்ணின் தாய் இறந்து நான்கு ஆண்டுகள். தகப்பன் அங்கே லாரி ஓட்டுகிறார். பிள்ளையை வளர்ப்பது ஆயாதான்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை செய்கிறவர் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம் வேண்டும் என்று 2019இல் விதி வந்தது. தகப்பனாக இருப்பதற்கும் ஒரு குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்று இதைப் படிக்கலாம். அதற்குக் கீழே வாங்குகிறவர் லாரி ஓட்டலாம், பணம் அனுப்பலாம். பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ள முடியாது. இவருக்கு அந்தக் கோடு தாண்டிவிட்டது. மிச்சமிருந்தது காகிதம்தான் என்று நினைத்தோம்.

காகிதத்தில் ஒரு 'ழ' வந்து குறுக்கே நின்றது. தகப்பன் பெயரை ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஏழுமலை உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த 'ழ'வுக்கு இசட்-எச் போட்டிருந்தது. பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் எல். ஆங்கில எழுத்தில் இவர்கள் இரண்டு ஆட்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆளுக்குப் பிள்ளை இல்லை. சான்றிதழில் இருக்கும் பிள்ளைக்குத் துபாயில் அப்பா இல்லை. மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டோம்.

இதை ஒரு எழுத்தரின் கைப்பிழை என்று சொல்லி முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கைப்பிழை எங்கும் உண்டு. ஆனால் ஒரு எழுத்துப் பிழை தகப்பனையும் மகளையும் பிரித்துவைக்க முடிகிறதென்றால், அதற்கு முன்பே 'பிள்ளை' என்பது நிரூபிக்கப்பட வேண்டிய பொருளாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு நூறாண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது. அதில் தமிழர்களுக்குக் கணிசமான பங்கு உண்டு.

தென்னாப்பிரிக்காவிலிருந்து தொடங்கலாம். டிரான்ஸ்வாலில் சட்டப்படி குடியிருந்த சோட்டாபாய் என்ற வணிகரின் மகனுக்குப் பதினாறு வயது நிறைந்ததும், தன் பெயரில் பதிவு பெறும் உரிமை இல்லை, வெளியேற வேண்டும் என்றது அரசு. பதினைந்து வயதுவரை மகன், பதினாறில் அந்நியன். 1911 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பையனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தின் நீதிபதி சேர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்கின்படி நடந்த திருமணங்களைக் குடியேற்றச் சட்டம் ஏற்காது என்றார். ஒரே வீச்சில் இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் மனைவி என்ற தகுதியை இழந்தார்கள். பிள்ளைகளின் நிலையும் கேள்விக்குள்ளானது. அதன்பிறகுதான் பெண்கள் பெருமளவில் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. குடியேற்றச் சட்டத்தில் பிள்ளை என்ற கணக்கு பதினாறோடு முடிந்தது. சிறைக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கவில்லை.

நம் பாடநூல்கள் வள்ளியம்மையின் தியாகத்தைச் சொல்கின்றன. போராட்டத்தின் மையத்தில் குடும்பம் சேர்ந்திருக்கும் உரிமை இருந்ததைச் சொல்வதில்லை. தேசம் என்ற பெருங்கதையாடலுக்குள் அது கரைந்துபோயிற்று.

1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியையும் அவளுடைய மைனர் பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டது. 1918இல் லண்டனில் கூடிய பேரரசுப் போர் மாநாடு இதைப் பொது விதியாக்கியது. டொமினியன்களில் நிலையாகக் குடியிருக்கும் இந்தியர், ஒரு மனைவியையும் அவளுடைய மைனர் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொருவரும் அவருடைய சட்டபூர்வ மனைவி, பிள்ளை என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும். 1927ஆம் ஆண்டுக் கேப்டவுன் ஒப்பந்தமும் இந்த விதியையே எடுத்துக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவின் முதல் ஏஜெண்டாக அங்கே போனவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி.

இது சலுகை போலத் தெரிகிறது. ஒரு வகையில் சலுகைதான். ஆனால் இங்கேதான் முக்கியமான இடமாற்றம் நடக்கிறது. கப்பல் துறையில் இருந்த எல்லை, நம்முடைய ஊருக்குள் வந்துவிடுகிறது. இன்னார் இன்னாருடைய பிள்ளை என்று ஊருக்கே தெரிந்த சங்கதிக்கு அரசு முத்திரை வேண்டியதாகிறது. இன்று அமீரக விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழை மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்குகிறோமே, அந்த வரிசைக்கு முன்மாதிரி 1918இல் இருக்கிறது.

மலாயாவைப் பார்ப்போம். தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் வட ஆர்க்காடும் ஒன்று; 1989வரை சந்தவாசல் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. ஆள் தேவைப்பட்ட காலத்தில் கங்காணி வந்து கூட்டிக்கொண்டு போனான். சொந்தபந்தமே அவனுக்கு ஆள்பிடிக்கும் வழி. தேவை குறைந்ததும் சொந்தபந்தம் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டம் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1959இல் கொண்டுவந்த திருத்தம் பதினைந்து வயது நிறைந்த பிள்ளைகளையும், கணவனைவிட்டு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தனியே இருந்த மனைவிகளையும் வெளியே நிறுத்தியது. ஏன் தனியே இருந்தாள்? அவன் கூலி அவ்வளவுதான் என்பதால் இருந்திருப்பாள். வறுமை உண்டாக்கிய பிரிவை, உறவு இல்லை என்பதற்கு அத்தாட்சியாக்கிக்கொண்டது சட்டம்.

இலங்கையில் 1949இன் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டப்படி குடியுரிமை கேட்ட மலையகத் தொழிலாளி, தான் மட்டுமல்ல, மனைவியும் மைனர் பிள்ளைகளும் இடைவிடாமல் அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் பாட்டியிடம் விட்டு வளர்த்த பிள்ளை, அப்பனின் மனுவுக்கே எதிரான சாட்சியாகிவிடும் அபாயம் இருந்தது.

காகிதத்தையும் நம்பாதபோது அதிகாரம் உடலைப் படிக்கத் தொடங்கியது. 1970களில் பிரிட்டன், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பெற்றோரிடம் போக விண்ணப்பித்த பிள்ளைகளின் எலும்புகளை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணித்தது. இரண்டு வருஷம் முன்னே பின்னே தவறக்கூடிய கணக்கு அது. எதிர்ப்பு வலுத்தபின் 1982இல் கைவிட்டார்கள். 1985இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் தன் டிஎன்ஏ ரேகை முறையை முதன்முதலாகப் பயன்படுத்திய வழக்கு கொலைவழக்கு அல்ல. கானாவிலிருந்து தாயிடம் திரும்பி வந்த ஒரு பையனுடைய குடியேற்ற வழக்கு. தாய் சொன்னது உண்மை என்று ரத்தம் சொல்லியது. அந்தக் குடும்பம் ஜெயித்தது, மகிழ்ச்சி. ஆனால் தாயின் சொல் மட்டும் போதாது என்பதும் அன்றே உறுதியாயிற்று. மிஷல் ஃபூக்கோ அதிகாரம் / அறிவு என்று இணைத்துச் சொன்னதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இத்தனை ஆண்டுகள், இத்தனை நாடுகள். எல்லாவற்றிலும் ஒரே சொல்தான்: 'சார்ந்திருப்பவர்'. பிள்ளை உழைப்பவரைச் சார்ந்திருக்கிறது. ஆகவே அரசுக்குச் சுமை. ஆகவே கட்டுப்படுத்த வேண்டும். இந்தச் சொல்லாடலைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். சமூகவியலாளர் மைக்கேல் புராவாய் 1976இல் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களையும் கலிபோர்னியப் பண்ணைகளையும் ஒப்பிட்டு எழுதினார். புலம்பெயர் உழைப்பில் தொழிலாளியின் அன்றாடப் பிழைப்பு ஓரிடத்திலும், அடுத்த தலைமுறையை வளர்க்கும் வேலை வேறிடத்திலும் பிரிக்கப்படுகிறது என்றார். பள்ளிக்கூடம், காய்ச்சல், கஞ்சி எல்லாம் அனுப்பிய ஊரின் கணக்கு. துபாய் லாரிக்கு ஓட்டுநர் மலிவாகக் கிடைப்பதற்கு, சந்தவாசலில் ஒரு ஆயா கூலியில்லாமல் பிள்ளை வளர்ப்பதும் ஒரு காரணம். அப்போது யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள்?

பிரிட்டன் 2024 மார்ச் 11 முதல், புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துவரத் தடை போட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் போனவர்களை நினைத்துப் பாருங்கள்: அந்நிய தேசத்துக் கிழவியைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கிற பெண், தன் பிள்ளையைத் தன் கிழத்தாயிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். கை வேண்டும், வயிறு வேண்டாம். தோட்டத் துரை நினைத்ததும் இதைத்தான்.

நம் பக்கமும் தாள்கள் கூடிக்கொண்டே போகின்றன. 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே என்று 2025இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. மலைமேல் ஏதோ ஒரு வீட்டில் பிறந்து, ஓராண்டு தாண்டியும் பதியாமல் விட்ட பிள்ளைக்கு நிர்வாக நடுவரின் உத்தரவு வாங்கிப் பதிய வேண்டும். பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. ஆனால் தவறிப்போனால் அலைவது யார் என்று கேட்க வேண்டும். பெயர் எழுத்து மாறிய கேஸ்களில் எல்லாம் தாயோ ஆயாவோதான் பஸ் ஏறுகிறார்கள். மனு எழுதிக் கொடுப்பதை நம் இயக்கங்கள் சில்லறை வேலையாக நினைப்பதை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

பெண்ணின் சான்றிதழில் 'ழ' கடைசியில் திருத்தப்பட்டது. சான்றொப்பங்கள் வந்தன. படிவத்தை நிரப்பும்போது 'சார்ந்திருப்பவர்' என்ற இடத்தில் பெண்ணின் பெயரை எழுதிவிட்டு, ஆயாவுக்கு அர்த்தம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "இவ பூட்டான்னா நான் யாரு கூட இருப்பேன்? அத எங்க எழுதுவாங்க தம்பி?"

1918இல் மனைவி, பிள்ளை என்று மட்டும்தான் எழுதினார்கள். என் கையில் இருந்த படிவத்திலும் ஆயாவுக்கு இடம் இல்லை. அதைச் சொன்னேன். "செரி, நீ எழுதறத எழுது" என்றார். எழுதினேன்.