உப்புச் சுமந்த கழுதை

புரவியின் வரலாறு அரசர் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. வொல்கா, தொன் ஆறுகளை அடுத்த புல்வெளிகளில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பழக்கப்பட்ட குதிரையினமே பின்னர் உலகெங்கும் பரவியது என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. கடல் கடந்து இலங்கைக்கும் அது வந்தது. குதிரை வாணிகன் ஒருவனின் மைந்தரான சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவர் அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்டனர் என மகாவம்சம் கூறும். ஆயினும், வெப்பமிகு கரையோரங்களில் குதிரை எளிதிற் பெருகவில்லை. பாண்டிநாட்டில் இறக்கப்பட்ட குதிரைகள் விரைவில் மடிந்தமையால், ஆண்டுதோறும் புதியவற்றை வாங்க நேர்ந்ததென மார்க்கோ போலோ எழுதினார். ஒல்லாந்தர் குதிரை வளர்த்த நெடுந்தீவில் மட்டும் அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டின்றித் திரிகின்றன.

புத்தளக் கரையில் நிலைத்ததோ குதிரையன்று. அதன் எளிய உறவாகிய கழுதையே. அதன் தாயகம் ஆபிரிக்கா. அங்கு ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் அது பழக்கப்பட்டதென 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுகின்றது. எகிப்தின் அபிதோசில், 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச ஈமத்தலத்தில் 10 கழுதைகள் சிறப்புடன் அடக்கப்பட்டிருந்தன. அவற்றின் எலும்புகளிற் சுமை தாங்கிய தேய்வு காணப்பட்டது. மன்னனால் மதிக்கப்பெற்ற அவ்விலங்கும் பொதி சுமந்ததே!

அராபிய வணிகரே கழுதையை இங்குக் கொணர்ந்தனர் என்பது இக்கரை மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. வறண்ட நிலமும் முட்புதரும் அதற்கு ஏற்றனவாயின. புத்தளம் என்ற பெயருக்கே புதிய உப்பளம் எனப் பொருள் கூறுவாருமுளர். கண்டி இராச்சியமோ 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. உள்நாட்டார் சோற்றுக்கு வேண்டிய உப்பும் கடற்கரையிலிருந்தே செல்லவேண்டியிருந்தது. வண்டிப் பாதை இல்லாத அக்காலத்தில், விலங்குகளின் முதுகே வாணிகத்தின் வழி. அதில் பொதிமாட்டோடு கழுதைக்கும் பங்குண்டு.

1926இல் புகைவண்டி புத்தளத்தை எட்டியது, லொறிகளும் பெருகின. சுமை நீங்கியது, சுமையோடு தீனியிட்ட கையும் நீங்கியது. இன்று கற்பிட்டிச் சாலைகளில் உரிமையாளரின்றித் திரியும் கழுதைகள் குப்பையைக் கிளறி உண்கின்றன. இரவில் வாகனங்களில் மோதுண்டு மடிகின்றன. மன்னாரில் இவ்விலங்குகளுக்கெனச் சிகிச்சை நிலையம் ஒன்று அமைந்தது நல்ல முன்மாதிரி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது தமிழர் வாக்கு. இட்டவரை நினைப்போர், அவ்வுப்பைச் சுமந்து வந்த உயிரையும் மறத்தல் தகாது.