வழியில் மறித்த சரக்கு

ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில், காகதிய மன்னன் கணபதிதேவன் 1244-ஆம் ஆண்டளவில் பொறிப்பித்த கல்வெட்டு ஒன்று உண்டு. புயலில் சிக்கிக் கரையொதுங்கும் கலங்களின் சரக்கு முழுவதையும் முன்னைய மன்னர் கவர்ந்துகொள்வர் என்றும், தான் உரிய சுங்கத்தை மட்டும் பெற்று எஞ்சியதை வணிகர்க்கே விட்டுவிடுவதாகவும் அம்மன்னன் அதில் அறிவிக்கின்றான். சுங்கம் வாங்குவது வேறு, சரக்கைப் பறிப்பது வேறு என்பதைக் கல்லில் எழுதிவைத்த சான்று இது. முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றதை நம் மாணவர் அனைவரும் அறிவர். சுங்கத்தை அறவே தவிர்க்கும் மன்னர் எக்காலத்தும் அரியர். ஆதலின், வாங்குவோர் கைக்கு எல்லை எது என்பதே வணிகனுக்கு என்றும் உள்ள கேள்வி. மன்னன் அருளால் வகுக்கப்பட்ட அவ்வெல்லையைப் பிற்காலத்தில் நீதிமன்றங்கள் வகுக்கலாயின. அத்தகைய தீர்ப்புகளுள் தமிழ்நாட்டுச் சாலையிலேயே பிறந்த ஒன்று சிறப்பாகக் கருதத்தக்கது.

1959-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, சாலைகளில் சோதனைச் சாவடிகள் அமைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. சாவடியை அடையும் வண்டி நிற்க வேண்டும். சரக்கையும் ஏடுகளையும் அதிகாரி பார்வையிடலாம். இவ்வளவோடு சட்டம் நிற்கவில்லை. விற்பனைப் பட்டியல், அனுப்புச் சீட்டு முதலிய ஆவணங்கள் இல்லாத சரக்கை அதிகாரி கைப்பற்றிப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றது அதன் மூன்றாம் உட்பிரிவு. உரியவர் அதனை மீட்க விரும்பினால், வரியோடு தண்டத்தொகையும் கட்டியாக வேண்டும்.

கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்துக்குச் செல்லும் பெருவழியில் உள்ள ஊர். அவ்வூர்ச் சோதனைச் சாவடி அதிகாரிக்கும் கே. பி. அப்துல்லா சகோதரர்கள் என்னும் வணிக நிறுவனத்தார்க்கும் எழுந்த வழக்கில், அம்மூன்றாம் உட்பிரிவு செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 1970-இல் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதி செய்தது.

அதற்கு அது காட்டிய காரணம் எளிது, ஆனால் ஆழமானது. இந்திய அரசியல் சட்டம் மாநிலத்துக்கு அளித்தது சரக்கின் ‘விற்பனை’மீது வரி விதிக்கும் அதிகாரமாகும். அவ்வரியை ஏய்ப்பாரைத் தடுக்கத் துணையதிகாரங்களும் அதனோடு சேர்ந்தே வரும். எனினும், சாவடியைக் கடக்கும் சரக்கெல்லாம் மாநிலத்துக்குள் விற்கப்பட்ட சரக்கே என்று சட்டம் தானாகவே கருதிக்கொள்ளலாமா? ஒருவன் தன் வீட்டுப் பொருளை மற்றொரு மாநிலத்துக்கு எடுத்துச் செல்லலாம். தன் நுகர்வுக்கென வாங்கியதைக் கொண்டு செல்லலாம். கையில் சீட்டு இல்லை என்ற ஒன்றினாலேயே அவன் தன் உடைமையை இழக்க நேரும். விற்பனையே நிகழாத இடத்தில் விற்பனை வரிக்குத் துணையாக ஓர் அதிகாரம் எவ்வாறு நிற்கும் என்பதே நீதிபதிகளின் வாதம். ‘செல்லுதல்’ என்னும் வினையை ‘விற்றல்’ என்னும் வினையாகப் படித்த சட்டத்தை அவர்கள் திருத்திப் படித்தனர் என்று இலக்கண ஆசிரியர் கூறக்கூடும்!

சாவடிகள் இத்தீர்ப்பால் மறைந்துவிடவில்லை. நிறுத்துவதும் சோதிப்பதும் தொடர்ந்தன. அரசுகளும் வேறு வழி நாடின. உத்தரப் பிரதேசச் சட்டம், மாநிலத்தைக் கடந்து மட்டும் செல்லும் லாரி, நுழையும் சாவடியில் வழிச் சீட்டுப் பெற்று, வெளியேறும் சாவடியில் அதனை ஒப்படைக்க வேண்டும் என்றது. ஒப்படைக்காவிடில் சரக்கு மாநிலத்துக்குள்ளேயே விற்கப்பட்டதாகக் கருதப்படும். சோதி டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தார் தொடுத்த வழக்கில், 1986-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. ஆயின் அக்கருத்து மறுக்கத்தக்கதே என்றும், சரக்கு விற்கப்படவில்லை என மெய்ப்பிக்க உரியவனுக்கு வாய்ப்பு உண்டு என்றும் விளக்கியது. நெறியளவில் இஃது 1970-ஆம் ஆண்டுத் தீர்ப்போடு முரண்படவில்லை. நடைமுறையிலோ, மெய்ப்பிக்கும் சுமை சரக்கை ஏற்றியவன் தோளுக்கு மாறிவிட்டது. அந்த அளவில் இத்தீர்ப்பு முன்னதைவிட வலிமை குன்றியது என்பதே எமது கருத்து.

2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வரிச் சாவடிகள் நீங்கின. மறிக்கும் அதிகாரம் நீங்கவில்லை. புதிய சட்டத்தின் 129-ஆவது பிரிவில் அது நிலைபெற்றது. வழிச் சீட்டின் இடத்தை இ-வே பில் என்னும் மின்னணுச் சீட்டுப் பிடித்தது.

2020 சனவரியில் தெலங்கானாவில் காகிதம் ஏற்றிச் சென்ற வண்டி, ஆர்ப்பாட்டத்தால் ஏற்பட்ட போக்குவரத்துத் தடையில் சிக்கியது. அதற்குள் சீட்டின் காலம் முடிந்துவிட்டது. மறுநாள் அதிகாரி வண்டியைத் தடுத்துவைத்தார். வரியும் தண்டமுமாக 69,000 ரூபாய் வாங்கப்பட்டது. சீட்டின் காலம் கடந்தது என்பதொன்றே வரி ஏய்க்கும் நோக்கத்துக்குச் சான்றாகாது என்று கூறிய தெலங்கானா உயர் நீதிமன்றம், அத்தொகையை 6 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தருமாறும், வழக்குச் செலவாக 10,000 ரூபாய் கொடுக்குமாறும் 2021-இல் ஆணையிட்டது. வரித்துறை மேல்முறையீடு செய்தது. 2022 சனவரியில் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியதோடு, செலவுத் தொகையில் மேலும் 59,000 ரூபாயைக் கூட்டிற்று. வாங்கிய தொகைக்கு ஈடாகச் செலவும் 69,000 ஆயிற்று. அதனை வணிகர்க்குக் கொடுத்தபின், இவ்வழக்குக்குப் பொறுப்பானவரிடமே அரசு வசூலித்துக்கொள்ளலாம் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு.