விசை உழுவியின் வார்ப்பட்டை

விசை உழுவியின் வார்ப்பட்டை என்பது, பவர் டில்லர் எனப் பரவலாக அழைக்கப்படும் இரு சக்கர உழவுப் பொறியில் எஞ்சினின் சுழற்சியைப் பற்சக்கரப் பெட்டிக்குக் கடத்தும் ரப்பர் பட்டை ஆகும். இதன் குறுக்குவெட்டு ஆங்கில எழுத்தான 'வி'யைப் போல் கீழ்நோக்கிக் குறுகுவதால், பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் இது 'வி-பெல்ட்' என்று வழங்கப்படுகிறது. உழுவியின் விலை குறைந்த பாகங்களுள் ஒன்றாயினும், இது பழுதடைந்தால் உழவு நின்றுவிடும். பட்டை நழுவுவதை எஞ்சினின் வலுக்குறைவு எனத் தவறாகக் கருதி எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும் உண்டு.

பின்னணி

ரப்பரால் ஆன வி-வடிவப் பட்டையை 1917 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் உருவாக்கினார். அதற்கு முன் பெரும்பாலும் தோலால் ஆன தட்டைப் பட்டைகளே பயன்பட்டன. விசை உழுவிகள் 1960களில் சப்பானிலிருந்து இந்தியாவிற்கு வந்தன. பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் (1967) மிட்சுபிசியின் தொழில்நுட்பத்துடனும், கேரள அரசின் காம்கோ நிறுவனம் (1973) குபோட்டாவின் தொழில்நுட்பத்துடனும் இவற்றை உற்பத்தி செய்யத் தொடங்கின. இலங்கையில் 'லேண்ட்மாஸ்டர்' என்னும் பிரித்தானிய வணிகப் பெயரே இவ்வகைப் பொறிகள் அனைத்திற்கும் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது.

இயங்கும் முறை

வி-பட்டை கப்பியின் பள்ளத்தின் அடியில் அமர்வதில்லை. ஆப்பு மரத்தில் இறுகுவதைப் போல், அதன் இரு பக்கங்களும் பள்ளத்தின் சுவர்களில் இறுகுகின்றன. இதனால் கிடைக்கும் பயனை ஆய்லரின் உராய்வுச் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிடலாம். உராய்வுக் கெழு 0.3 எனவும், பட்டை கப்பியை அரைச்சுற்றுத் தழுவுவதாகவும் கொண்டால், தட்டைப் பட்டையின் இறுகிய பக்க இழுவிசை தளர்ந்த பக்கத்தைப் போல் சுமார் 2.6 மடங்கு வரையே இருக்க முடியும். அதற்கு மேல் பட்டை நழுவும். 38 பாகை கோணப் பள்ளத்தில் இதே எல்லை ஏறத்தாழ 18 மடங்காகும். குறைந்த இடத்தில், அருகருகே உள்ள கப்பிகளுக்கிடையே பெரும் விசையைக் கடத்த முடிவது இதனால்தான்.

எடுத்துக்காட்டாக, 12 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 2000 முறை சுழல்வதாகவும், அதன் கப்பியின் விட்டம் 115 மி.மீ. எனவும் கொள்வோம். பட்டையின் வேகம் நொடிக்கு 12 மீட்டர். கடத்தப்படும் இழுவிசை சுமார் 75 கிலோ எடைக்குச் சமம். மூன்று பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றும் 25 கிலோவைத் தாங்கும். 'பி 60' என்று குறிக்கப்பட்ட பட்டை 17 மி.மீ. அகலமும் 60 அங்குல உட்சுற்றளவும் கொண்டது. அது நொடிக்கு ஏறத்தாழ 8 முறை சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரு கப்பிகளில் வளைவதால், ஒரு மணி நேர உழவில் அரை இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை வளைந்து நிமிர்கிறது.

பழுதறிதலும் பராமரிப்பும்

சுமையில் எஞ்சின் வேகம் இறங்கி, கரும்புகை வந்தால் குறை எஞ்சினிலோ மிகுசுமையிலோ இருக்கலாம். எஞ்சின் வேகம் குறையாமல் சக்கரம் மட்டும் நின்றால் நழுவுவது பட்டை அல்லது கிளட்ச். கிளட்ச் நழுவும்போது பற்சக்கரப் பெட்டியின் கப்பி தொடர்ந்து சுழலும். பட்டை நழுவினால் அக்கப்பியும் வேகம் இழக்கும், ரப்பர் கருகும் வாடையும் எழும்.

தொய்வைச் சரிபார்க்க, இரு கப்பிகளுக்கும் நடுவில் பட்டையை அழுத்திப் பார்ப்பர். இடைவெளியின் ஒவ்வொரு மீட்டருக்கும் 16 மி.மீ. இறக்கம் என்பது பொது அளவு, 30 செ.மீ. இடைவெளிக்கு இது சுமார் 5 மி.மீ. ஆயினும் அழுத்தவேண்டிய விசை பொறிக்குப் பொறி மாறுபடும் என்பதால் கையேட்டின் அளவே இறுதியானது. பல மாதிரிகளில் எஞ்சினின் அடித்தள மரைகளைத் தளர்த்தி, எஞ்சினை நகர்த்தி இறுக்கம் சரிசெய்யப்படுகிறது. தளர்ந்தால் பட்டை நழுவிச் சூடேறும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங்குகள் தேயும். புதிய பட்டை முதல் சில மணி நேரத்தில் சற்று நீளும் என்பதால் மீண்டும் இறுக்க வேண்டும்.

பட்டைகள் பல உள்ள பொறியில் ஒன்று அறுந்தால் அனைத்தையும் ஒருசேர மாற்றுவதே முறை. பழையவை நீண்டிருப்பதால், புதிதாகச் சேர்த்த ஒற்றைப் பட்டை பெரும்பான்மைச் சுமையைத் தாங்கி விரைவில் அறும். சிக்கனம் கருதிச் செய்வது இரட்டைச் செலவாவது இங்குதான்.

பட்டை அடிக்கடி அறுந்தால் கப்பியைச் சோதிக்க வேண்டும். பள்ளத்தின் அடி பளபளப்பாக இருந்தால் பட்டை அடியைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஆப்பு விளைவு அங்கு இல்லை. சுவர்கள் குழிந்திருந்தால் கப்பியையே மாற்ற வேண்டும். இரு கப்பிகளும் நேர்கோட்டில் உள்ளனவா என்பதை நூல் பிடித்துப் பார்க்கலாம். தட்டைப் பட்டைக்குத் தடவும் பிசின் பூச்சு வி-பட்டைக்கு ஏற்றதன்று.

உவர்நீர்க் கரையோரங்களில்

தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேச எல்லையில் அமைந்த பழவேற்காடு ஏரி, இந்திய உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது. அதன் கரையிலுள்ள கோட்டைக்குப்பம் முதலிய மீனவ ஊர்களில் பயன்படும் படகுகளின் வெளிப்பொருத்துப் பொறிகளில் விசை தண்டு, பற்சக்கரம் வழியே செல்வதால் இத்தகைய இயக்குபட்டை இல்லை. பொன்னேரி வட்டத்தில் ஏரியை அடுத்த நிலங்களைப் போன்ற கடலோர இடங்களில் உழுவியை நிறுத்தி வைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும். வார்ப்பிரும்புக் கப்பியின் பள்ளச் சுவர்கள் துருவேறி உப்புத்தாள் போல் சொரசொரப்பாகும். அடுத்த உழவில் பட்டையின் பக்கங்களை அச்சுவர்களே அராவிவிடும்.

துருவைத் தடுக்கக் கிரீசு தடவினால் எண்ணெய் ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும். ஆகவே நாள்தோறும் வேலை முடிந்து பொறி ஆறியபின் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கப்பிகளைத் துடைத்து உலரவிட வேண்டும். குடிநீர் அருமையான இவ்வூர்களில் இதற்கு ஒரு செம்பு நீர் போதும். பருவம் முடிந்ததும் பட்டைகளைக் கழற்றி வெயில் படாத இடத்தில் வைத்து, கப்பிகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடலாம்; மீண்டும் பட்டை பூட்டுமுன் அதை முழுதும் அகற்ற வேண்டும்.

பாதுகாப்பு

பட்டையைத் திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் இழைகள் அறும். இறுக்கத்தைத் தளர்த்திக் கையாலேயே பூட்ட வேண்டும். அப்போது கப்பியைச் சுற்றுகையில் பட்டைக்கும் பள்ளத்திற்கும் இடையே விரல் சிக்கிவிடக்கூடும். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் ஓடும் பட்டையிலிருந்து கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது. எனவே எஞ்சின் ஓடும்போது பட்டையின் மூடியைக் கழற்றுவதோ, வேட்டி, துண்டு முதலியவை தொங்க அருகில் நிற்பதோ கூடாது.