‘தமிழ்’ எத்தனை எழுத்து? நூலகத்தில் பெர்லும் பைத்தானும்

கல்லூரி நூலகத்தில் ஸ்கிரிப்ட் எழுதும் எண்ணம் பெரும்பாலும் சலிப்பில்தான் பிறக்கிறது. ஐயாயிரம் நூற்பதிவுகள் இருக்கும். சிலவற்றில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு நடுவே கோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினால் செமஸ்டர் போய்விடும்; சின்ன ஸ்கிரிப்ட் சில நிமிடத்தில் முடித்துவிடும். அதைப் பெர்லில் எழுதுவதா, பைத்தானிலா?

வயதில் மூத்தது பெர்ல். 1987-இல் லாரி வால் வெளியிட்ட இந்த மொழி, உரையைச் சலித்துப் புடைப்பதில் கெட்டிக்காரி. நியூசிலாந்தில் உருவாகி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த நூலக மேலாண்மை மென்பொருளான கோஹா பெர்லில் எழுதப்பட்டதே. கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தானுக்கு, மார்க் என்ற வடிவத்தில் உள்ள நூற்பதிவுகளைக் கையாள ‘பைமார்க்’ என்ற தொகுப்பு இருக்கிறது. கோட்டை நீக்குவது போன்ற வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் தெரிவது தமிழ் நூலைத் தொடும்போது.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூ.டி.எஃப்-8-இல் சேமித்தால் பதினைந்து பைட். இந்த வேறுபாடு மார்க் பதிவில் சிக்கலாகும். அதன் தலைப்பகுதி 24 இடம் கொண்டது. அதையடுத்த அட்டவணையில் புலம் ஒவ்வொன்றுக்கும் 12 இடம்: புல எண்ணுக்கு 3, நீளத்துக்கு 4, தொடக்க இடத்துக்கு 5. அந்த நீளம் பைட் கணக்கு. பதினைந்து என்று எழுத வேண்டிய இடத்தில் ஐந்து என்று எழுதினால் அடுத்தடுத்த புலங்கள் எல்லாம் சரியும். தலைப்பின் வால் பதிப்பாளர் பெயரில் போய் ஒட்டும். ஆங்கில நூல்களில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை.

பைத்தான் 3 உரையையும் பைட்டையும் வெவ்வேறு இனமாக வைத்திருக்கிறது. இரண்டையும் ஒட்டப் பார்த்தால் பிழை காட்டி நின்றுவிடும். பெர்லிடம் உரை யூ.டி.எஃப்-8-இல் இருக்கிறது என்று சொல்ல மறந்தால் அது பைட்டையே எழுத்தாக எண்ணிக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும். ஆனால் முறையாகச் சொல்லிக் கொடுத்தால், நாம் எண்ணுவதைப் போலவே மூன்று என்று எண்ணும் வசதி பெர்லின் வடிவத்தேடலில் உள்ளேயே இருக்கிறது. பைத்தானில் அதற்குத் தனித் தொகுப்பு நிறுவ வேண்டும்.

ஆயுளைப் பார்த்தால் பெர்லுக்கே பெருமை. பெர்ல் 5 வந்தது 1994-இல். அந்தக் காலத்து ஸ்கிரிப்டுகளில் பல இன்றும் ஓடும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்ததால் பலர் பழைய ஸ்கிரிப்டுகளைத் திருத்தி எழுத நேர்ந்தது. ஆனால் ஓடுவது வேறு, புரிவது வேறு. எழுதியவர் மாற்றலாகிப் போன பிறகு, குறியீடுகள் நெருக்கியடித்த பெர்ல் வரியை அவிழ்க்க ஆள் தேட வேண்டும். பைத்தானோ தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே இருக்கிறது. புதிதாக வருபவர் படித்துப் பார்த்துத் தொடரலாம்.

ஆகவே கோஹாவுக்குள்ளேயே கைவைக்கும் வேலை என்றால் பெர்ல். அதன் செருகுநிரல்களும் பெர்லில்தான். பதிவுகளை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவதென்றால் பைத்தான். எதில் எழுதினாலும், ஐயாயிரம் பதிவுகளையும் அதன் கையில் கொடுக்குமுன் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். மூன்றா, ஐந்தா, பதினைந்தா என்பதில் எந்தக் கணக்கு எங்கே வேண்டும் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.